இருபதாவது அடுப்பு

என் கல்யாணத்தை நிறுத்தி வைத்தது வேறு யாருமில்லை, அரசாங்கம்தான். ஐம்பது தாண்டிய ஒரு விதவை மறுபடியும் கல்யாணம் செய்துகொள்கிறாள் என்றால் தடுக்க ஊரில் ஆள் இருக்கும், சொந்தத்தில் ஆள் இருக்கும் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். ஒவ்வொருவருக்கும் சுடச்சுடப் பதில் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் எங்கள் மலையூர் வர்தேயில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மஷ்தி பராத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும், இன்னுமா கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்கள்தான் அதிகம். யோசித்து வைத்த பதில்களெல்லாம் வீணாய்ப் போயின. கடைசியில் குறுக்கே வந்து நின்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

விஷயம் இதுதான். எங்கள் மலையில் இருபது குடும்பமாவது இருக்கிற ஊருக்குத்தான் தனி நிர்வாகி உண்டு. ஒன்று குறைந்தாலும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஊரைக் கீழே இருக்கிற மியான்ரூத்தோடு சேர்த்துவிடுவார்கள். வர்தேயில் இருப்பது சரியாக இருபது. அதில் நான் ஒருத்தி தனிக் குடும்பம். மஷ்தி பராத்தும் அவர் மகள் நஸ்தரனும் ஒரு குடும்பம். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வீடும் ஒன்றானால் பத்தொன்பது. இந்தக் கணக்கை என்னிடம் வந்து சொன்னவள் நஸ்தரன்தான். எங்கள் ஊர் நிர்வாகியே அவள்தானே.

"தூபா அத்தை, எனக்கு இந்தக் கல்யாணத்துல சந்தோஷம்தான். ஆனா கணக்கெடுப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்கோங்க. அதுக்கப்புறம் ஏழு நாள் கல்யாணம் பண்ணிக்கோங்க, நானே மேளம் அடிக்கறேன்" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிற வயதா எனக்கு? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். நஸ்தரனுக்கு நிர்வாகம் என்பது வெறும் உத்தியோகம் இல்லை. அவள் வருவதற்கு முன்னால் பனி வெட்டும் வண்டி மியான்ரூத்தோடு திரும்பிப் போய்விடும். அந்த ஊர் நிர்வாகி கோத்ரத், மீசையை முறுக்கிக்கொண்டு, வர்தேக்காரர்கள் கரடிகள், குளிர்காலத்தில் தூங்கட்டும் என்று சிரிப்பான். மாவு மூட்டை மேலே வராமல் என் தந்தூரி அடுப்பு வாரக்கணக்கில் அணைந்து கிடந்ததுண்டு. ஊருக்கே ரொட்டி சுடுகிறவள் நான். அந்த அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவள் நகரத்துப் படிப்பை முடித்துவிட்டு வந்து, வட்டார அலுவலகத்தில் நாள் கணக்காக உட்கார்ந்து, சண்டை போட்டு, வண்டியை எங்கள் பள்ளிவாசல் வரைக்கும் கொண்டுவந்தாள். தெருவிளக்கு அவளால் வந்தது. குப்பை வண்டி அவளால் வந்தது. கோத்ரத் கையில் எங்கள் ஊர் போவதைவிட என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம்.

ஆகவே பொறுத்தேன். நானும் மஷ்தி பராத்தும் நடுவில் இருக்கிற மதிலின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டோம். அவர் விறகு வெட்டி மதில்மேல் வைப்பார். நான் கஞ்சியோ, கத்தரிக்காய்க் குழம்போ ஒரு நீலக் கிண்ணத்தில் ஊற்றி மதில்மேல் வைப்பேன். அந்த வீட்டில் அவர் முட்டை மட்டும் பொரிப்பார். நஸ்தரனுக்கு அதுவும் வராது. தேநீருக்குத் தண்ணீர் வைத்தாலே கெண்டி கரியாகும் ரகம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அவளை வைத்துச் சிரிக்காத வீடு இல்லை. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்பதை அரசாங்கம் கூரையை வைத்துப் பார்ப்பதில்லை, சாப்பாடு விரிக்கிற சுப்ராவை வைத்துத்தான் பார்க்கிறது. தினமும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே செலவில் வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். இது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களிடம் போய் உன் சுப்ராவில் யார் யார் உட்காருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வந்தவர் முன்னால் இது எனக்கு, அது அவருக்கு என்று பிரித்துப் பேசுவது எங்களுக்குப் பெரிய அவமானம். எதைக் கேட்டாலும் உங்களுடையதுதான் என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்திருக்கிறோம்.

நஸ்தரனுக்கு இந்தப் பயம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் ஊரைக் கூட்டி ஒத்திகை வைத்தாள். கையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு அவளே அதிகாரி ஆனாள். முதலில் ஆகா சஃபரையும் அவர் மனைவியையும் கேட்டாள். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? நீங்களும் சேர்ந்தால் மூன்று பேர் என்றார் சஃபர். வீடு யாருடையது? சந்தேகமென்ன, உங்களுடையதுதான் என்றார். நாங்கள் எல்லோரும் சரியான பதில் என்று தலையாட்டினோம். நஸ்தரன் பலகையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அவர் விருந்தாளி இல்லை, கணக்கெடுக்க வர்றவர். உபசாரம் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க. என் வீடு, என் சுப்ரா, என் அடுப்பு. சொல்லுங்க பார்ப்போம்."

சொல்லிப் பார்த்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. முல்லா ரஹ்மத் 'என் அடுப்பு' என்று சொல்லிவிட்டு, உடனே எழுந்து எல்லோரையும் சாப்பிட வரச் சொன்னார். மஷ்தி பராத் மட்டும் ஒத்திகையில் தப்பே விடவில்லை. நானும் என் மகளும் தனி, தூபா கானும் தனி என்று, பெண்களுக்குச் சொல்கிற ‘கானும்’ என்ற மரியாதையைக்கூட விடாமல், பள்ளிக்கூடப் பாடம் போல ஒப்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நஸ்தரனுக்கோ மனம் குளிர்ந்துவிட்டது.

அக்ரூட் பறிப்பு முடிந்த வாரம் அதிகாரி வந்தார். ஃபர்ஷீத் என்று பெயர், முப்பது வயது இருக்கும், நகரத்துக் காலணி, கையில் ஒரு கண்ணாடிப் பலகை மாதிரி கருவி. விரலால் தட்டினால் எல்லாம் அதில் பதிவாகிவிடுமாம். காலையில் ஊர் முனையில் நுழைந்தவரை வீட்டுக்கு வீடு பிடித்து உட்கார வைத்து ஊட்டினார்கள். கணக்குச் சரியாகச் சொன்னார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வாய் உபசாரத்தை விட்டதற்குக் கை பரிகாரம் தேடிக்கொண்டது. மத்தியானத் தொழுகைக்கு முன் மஷ்தி பராத்தின் வீட்டுக்கு வந்து சேரும்போது அந்தப் பிள்ளை இடுப்புவாரைத் தளர்த்தியிருந்தது. அதற்குள் பதினெட்டு வீடு முடிந்திருந்தது. பாக்கி மஷ்தி வீடும் என் வீடும்தான்.

அதிகாரிக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆகவே நான் தட்டோடு போனேன். அதுதான் நான் செய்த காரியம். நஸ்தரன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மஷ்தி பராத் சுவரோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி மூலையில் இருந்த நீலக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் தட்டில் சர்க்கரையோடு இருந்த அதன் ஜோடிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"மஷ்தி, இந்த அம்மாவும் உங்க சுப்ராவுலதான் சாப்பிடறாங்களா?"

கேள்வி அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். மஷ்தி பராத் வாயைத் திறந்தார். நான் தட்டோடு அவருக்கு நேர் எதிரே நிற்கிறேன். அக்ரூட் தொலி உரித்து என் கை இரண்டும் கரிக்கட்டையாக இருந்தது. அதை முக்காட்டில் மறைக்கவும் மறந்துபோய் நிற்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வந்தவர் முன்னால், என்னை வைத்துக்கொண்டு, இவள் வேறு நான் வேறு என்று சொல்ல வேண்டும்.

"ஐயா, நான் எப்படிச் சொல்றது? அவங்க சுப்ரா வேற, எங்க சுப்ரா வேறன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

நஸ்தரன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அதிகாரி தட்டினார். உள்ளதைச் சொன்னால் மஷ்தி சொன்னதில் பொய்யும் இல்லை. எத்தனையோ காலமாக அந்தக் கிண்ணம் மதில் தாண்டிப் போய்க்கொண்டுதானே இருக்கிறது.

"சரி. குடும்பத் தலைவருக்கு இவங்க என்ன உறவு?"

உறவு இல்லாத ஆணும் பெண்ணும் ஒரே குடும்பமாக அரசாங்கக் கணக்கில் ஏறினால் என்ன பெயர் வரும்? மஷ்தி பராத்தின் முகம் பீட்ரூட் கிழங்கு மாதிரி சிவந்தது. அப்போதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. பொறுத்தது போதும் என்று தோன்றியது.

"பெண்டாட்டின்னு போடுங்க" என்றேன்.

"எப்பலேருந்துங்க?"

"இன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து. உங்களுக்கு அவசரம்னா இப்பவே முல்லாவைக் கூப்பிடறேன்."

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முல்லா வரட்டும் அம்மா, அதுவரை காத்திருக்கிறேன் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஆனால் வாசல் பக்கம் திரும்பினால் நஸ்தரன் நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது என்று மெல்லச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. கோத்ரத்தோடு சண்டை போட்ட நாட்களில்கூட அழுதவள் இல்லை. என் சந்தோஷத்தை விழுங்கிக்கொண்டேன். போய் அவள் பக்கத்தில் உட்கார நினைத்தேன். அதற்குள் அவள் எழுந்து அப்பாவைப் பார்த்துப் பொரிந்து தள்ள ஆரம்பித்தாள்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா என்றாள். பனி வண்டி போச்சு, விளக்கு போச்சு, இனிமேல் கோத்ரத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்றாள். மஷ்தி பராத் தலை குனிந்து தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கத்தினாள்.

"உங்க சுப்ராவுல இனிமே நான் உக்காரமாட்டேன். எனக்கு வேணும்கறதை நானே ஆக்கிக்கறேன்."

அதிகாரி கருவியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கானும், இதைக் கோவத்துல சொல்றீங்களா, நிஜமாவே சொல்றீங்களா?"

"ஏன், எதுல சொன்னா உங்களுக்கு என்ன?"

"கோவத்துலன்னா நான் எழுத மாட்டேன். நிஜமான்னா நீங்க தனியா ஒரு குடும்பம்."

நஸ்தரன் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நிமிஷமே கணக்குப் பிடிபட்டுவிட்டது. இத்தனை நாள் எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று வியப்பாகவும் இருந்தது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் அப்பா வீட்டுக் கணக்கு. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஊரில் ஒவ்வொரு சுப்ராவாக எண்ணிக்கொண்டு போனவள், எல்லோரையும் எண்ணினாள். தன்னை மட்டும் எண்ணவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் நஸ்தரன். குரல் சின்னதாகிவிட்டது.

ஃபர்ஷீத் நல்ல பிள்ளைதான், ஆனால் ஏமாளி இல்லை. நாளை மத்தியானம் வர்தேயின் கணக்கை மூடுவேன், அதற்குள் கானுமின் அடுப்பு எரிய வேண்டும், அதில் அவரே ஆக்கியதை என் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பத்தொன்பதுதான் என்று சொல்லிவிட்டு, முல்லா வீட்டுத் தின்பண்டத்தை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டார்.

என் நிக்காஹ் அன்று சாயங்காலமே நடந்தது. அரசாங்கம் கேட்கிற பத்திரமும் பதிவும் ஆஸ்பத்திரிப் பரிசோதனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஓதுவதை இப்போது ஓதுகிறேன் என்றார் முல்லா ரஹ்மத். மணமக்கள் முன்னால் வைக்கிற கண்ணாடி ஆகா சஃபர் வீட்டிலிருந்து வந்தது, மெழுகுவர்த்தி பள்ளிவாசலிலிருந்து. கைக்கு மருதாணி வைக்க முடியவில்லை. வைத்தாலும் அந்த அக்ரூட் கறுப்பில் தெரிந்திருக்காது. சம்மதமா என்று முல்லா கேட்டால் எங்கள் வழக்கப்படி முதல் தடவை மணப்பெண் பதில் சொல்லக்கூடாது. பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று பெண்கள் சொல்வார்கள். மூன்றாம் தடவைதான் வாய் திறக்க வேண்டும். நான் முதல் தடவையே சம்மதம் என்றுவிட்டேன். பெண்கள் என் முதுகில் கிள்ளினார்கள். கிள்ளட்டும். இன்னும் இரண்டு தடவை காத்திருந்தால் நடுவில் வேறு ஏதாவது சட்டம் வந்தாலும் வரும்.

மஷ்தி பராத் தன் மெத்தையைச் சுருட்டி மதில் தாண்டி என் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வீடு இனி நஸ்தரனுடையது. வாசலில் நின்று மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போங்க அப்பா, எனக்கு வேலை இருக்கு என்று அவள் கதவைச் சாத்தினாள். அவள் குரலில் கோபம் போய்விட்டிருந்தது. பயம் வந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊருக்குள் பெரிய ஆபத்து கிளம்பியது. பாவம் அந்தப் பெண்ணுக்கு எதுவும் வராதே என்று எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டினார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறும் கஞ்சியும் குழம்புமாக நஸ்தரன் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அவள் வெளியே வந்தாள். தலையில் துணியை இறுகக் கட்டியிருந்தாள், மூக்கில் கரி. அத்தனை பாத்திரத்தையும் திருப்பி அனுப்பினாள். வர்தேயில் கொடுத்ததை ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சஃபரின் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் மதில்மேல் எட்டிப் பார்த்து, அரிசி ஊற வைத்தாயா, உப்புப் போட்டாயா என்று கேட்டேன்.

"அத்தை, தலையை உள்ள எடுங்க. இது வேற வீடு."

எடுத்துக்கொண்டேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் என் புதுப் புருஷனும் உட்கார்ந்து மூக்கால் சமையலைக் கவனித்தோம். முதலில் வெண்ணெய் வாசனை வந்தது. நல்லது என்றார் அவர். பிறகு அரிசி வெந்த வாசனை வந்தது. பிறகு புகை. பிறகு இன்னும் புகை. மஷ்தி பராத் எழுந்து ஓடப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். புதுப் புருஷனை அடக்குகிற பழக்கத்தை முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது.

மத்தியானம் ஃபர்ஷீத் வந்தார். பின்னால் பாதி ஊர் வந்து முற்றத்தில் நின்றது. நஸ்தரன் புது விரிப்பை உதறிப் போட்டாள். தன் கையால் சோற்றைத் தட்டில் கவிழ்த்தாள். பானை அடியில் ஒட்டிய பொறுக்கு பொன்னிறமாக வர வேண்டும். இது தார் நிறத்தில் வந்தது. மேலே இருந்த அரிசி விறைத்துக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஃபர்ஷீத் உட்கார்ந்து ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். உடைபட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. மென்றார். வெகுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு? உபசாரம் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் நஸ்தரன்.

அந்தப் பிள்ளை எங்கள் ஊரையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் அவருக்காகப் பதில் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தோம். சொர்க்கம், உங்கள் கைக்கு வலிக்காமல் இருக்கட்டும், இப்படி எதுவாவது. அவர் விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"கருகிடுச்சு. மேல வேகலை. உப்பு இல்லை."

"அப்போ நான்தான் ஆக்கினேன்னு உங்களுக்கு நம்பிக்கை வந்துச்சா?"

"வேற யாரும் இப்படி ஆக்கமாட்டாங்க" என்று கருவியை எடுத்தார். "குடும்பத் தலைவர் யாருன்னு போடட்டும்?"

ஒத்திகையில் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இப்போது வாய் வரவில்லை. என் வீடு, என் சுப்ரா, என் அடுப்பு. முற்றத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். மஷ்தி பராத் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டினார்.

"நான்" என்றாள் நஸ்தரன்.

அவர் தட்டினார். இருபது என்று ஆகா சஃபர் உரக்கச் சொன்னார், பிறகு பெண்கள் குலவையிட்டார்கள். கோத்ரத் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பிய பாத்திரங்களெல்லாம் மறுபடி வந்து, முற்றத்திலேயே விருந்தாகிவிட்டது. ஃபர்ஷீத்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கவளம் போனது. ஆனால் அந்தக் கருகின பொறுக்கைத்தான் எல்லோரும் பங்கு கேட்டு அடித்துக்கொண்டார்கள். நஸ்தரன் ஆளுக்கு ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். நான் நேற்று விழுங்கிய சந்தோஷம் அப்போதுதான் முழுசாக மேலே வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

சாயங்காலம் ஃபர்ஷீத்தின் வண்டி கிளம்பியது. நான் அடுப்படியில் நீலக் கிண்ணம் நிறையக் கஞ்சி ஊற்றி, மேலே புதினா தூவி, மதிலருகே கொண்டுபோனேன். அந்தப் பக்கம் நஸ்தரன் தன் கையில் அந்தக் கிண்ணத்தின் ஜோடியோடு நின்றாள். அதில் மிச்சமிருந்த சோறு, இந்தத் தடவை உப்புத் தூவி. கிண்ணத்தோடு என் கை மதில்மேல் போனது.

"பொறுங்க அத்தை" என்று உதடு அசையாமல் சொன்னாள். "வண்டி வளைவு திரும்பட்டும். பார்த்தார்னா மூணு பேரையும் ஒரே குடும்பம்னு எழுதிடுவார்."

மதிலின் இரண்டு பக்கமும் கிண்ணங்களை மறைத்துக்கொண்டு நின்றோம். ஃபர்ஷீத் கண்ணாடி வழியாகக் கையசைத்தார், நாங்களும் அசைத்தோம். வண்டி மியான்ரூத் பக்கம் திரும்பி மறைந்தது. கஞ்சி அந்தப் பக்கம் போனது, சோறு இந்தப் பக்கம் வந்தது.